மார்கழியில் கட்டிய புதுக்கயிறு

மாட்டுப் பொங்கலன்றுதான் மாட்டுக்குப் புதுக்கயிறு போடுவார்கள். கொம்பைச் சீவி வர்ணம் பூசி, கழுத்தில் மாலை போட்டு, ஒரு வருஷம் உழைத்து நைந்துபோன பழங்கயிற்றைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைக் கட்டுவது எங்கள் ஆட்களின் வழக்கம். நான் அதை மூன்று வாரம் முந்திச் செய்தேன். மார்கழியில் செய்தேன். மழைக்குப் பயந்து, மாட்டைப் பத்திரமாக வைக்க வேண்டுமென்று செய்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்பார்களே, அந்தக் குரங்கை இத்தனை வருஷமாகத் தோளில் சுமந்துகொண்டிருக்கிறேன்.

அப்போது நாங்கள் மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸுக்குக் கீழே ஆற்றை ஒட்டிய பள்ளத்தில் குடியிருந்தோம். செங்கல் சூளைக்கு மண் வெட்டி வெட்டி உண்டான பள்ளம் அது. சூளைக்காரர்கள் மண்ணை எடுத்துக்கொண்டு, பள்ளத்தை எங்களைப் போன்றவர்களுக்கு விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை, பக்கத்திலேயே ஒரு தொழுவம். வீட்டில் மூன்று பேர். ரயில் தண்டவாளத்தில் கேங் வேலை பார்த்த என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா, நான். தொழுவத்தில் இரண்டு மாடுகள். காரி என்கிற கறுப்புப் பசு மாமியாருடையது. மயிலை என்னுடையது.

என்னுடையது என்று சும்மா சொல்லவில்லை. செமினிப் பக்கத்துத் தோட்டத்தில் என் அப்பா மாடு பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கல்யாணமானபோது நகை நட்டு போட அவரால் முடியவில்லை. ஒரு கிடேரிக் கன்றைக் கயிற்றோடு என் கையில் பிடித்துக் கொடுத்தார். அது மாட்டுவண்டிக்குப் பின்னால் நடந்தே காஜாங் வழியாக என்னோடு வந்தது. அடுத்த வருஷமே காய்ச்சலில் அப்பா போய்விட்டார். அவரைச் சேர்ந்தது என்று சொல்ல எனக்கு மிஞ்சியது அந்த மாடு ஒன்றுதான். அந்த மார்கழியில் அது நிறைசினை. தலையீத்து. இன்றோ நாளையோ என்று மடி இறங்கியிருந்தது.

மாமியாருக்கும் எனக்கும் ஒத்துப்போகாது. அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் கத்தரிக்கோல் மாதிரி ஒரு வெட்டு. எனக்கு நேர்மாறு. கோபம் வந்தால் வாயை மூடத் தெரியாது. காரி கறக்கும் பால் தண்ணீர் என்று நான் சொல்வேன். மயிலையின் கொழுப்பு அதை வளர்த்தவளுக்கும் இருக்கிறது என்று அவர் சொல்வார். இரண்டு மாடும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அமைதியாக அசைபோட்டுக்கொண்டிருக்கும். எங்கள் இருவருக்கும்தான் ஒரே கூரை ஆகவில்லை.

அந்த வருஷம் மழை பிடித்தது விடவேயில்லை. நாலைந்து நாள் ஓயாமல் பெய்தது. அடுப்பு மூட்டினால் புகைதான் வந்தது. வைக்கோல் மக்கிய நாற்றமடித்தது. ஆறு செம்மண் நிறத்தில் ஏறி வந்து, வாழை மரத்தை வேரோடு உருட்டிக்கொண்டு போனது. ஒருநாள் யார் வீட்டுக் கதவோ தாழ்ப்பாளோடு மிதந்து போவதைப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் கேங் ஆட்கள் எல்லாரையும் கிள்ளான் பக்கம் கூப்பிட்டுக்கொண்டார்கள். அங்கே தண்டவாளம் ஓடும் லைன் மேடு கரைகிறதாம். வீட்டுக்காரர் சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று, "தண்ணி தொழுவத்து வாசப்படிக்கு வந்துச்சுன்னா யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க. மாட்டை அவுத்து ஓட்டிக்கிட்டு லைன் மேட்டுக்குப் போயிருங்க" என்றார்.

"மயிலை இந்தச் சேத்துல நடக்காது. வழுக்கி விழுந்தா கன்னு போயிரும்" என்றேன்.

"அதுக்குத்தான் வாசப்படி வரைக்கும் பாருங்கறேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அதற்கு முன்பு வந்த வெள்ளத்தின் அடையாளம் தொழுவத்துத் தூணில் ஒரு கோடாக இருந்தது. என் முழங்கால் உயரம். ஆறு எத்தனை ஆடினாலும் அதற்கு மேல் வராது என்பது பள்ளத்தில் எல்லாருடைய நம்பிக்கை. நாங்களும் அந்தக் கோட்டை நம்பித்தான் வேலையை ஆரம்பித்தோம்.

அன்றைக்கு நாங்கள் இருவரும் சண்டை போடாமல் வேலை செய்தோம் என்பது இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. மாமியார் கீழிருந்து எடுத்துக் கொடுப்பார், நான் பரண்மேல் உட்கார்ந்து வாங்கி அடுக்குவேன். அரிசியையும் உப்பையும் காலி மண்ணெண்ணெய் டின்னில் போட்டு மூடி ஏற்றினோம். தீப்பெட்டியை எண்ணெய்த் துணியில் சுற்றினோம். கோழிகளைப் பிடித்துக் கூடையில் அடைத்து விட்டத்தில் தொங்கவிட்டபோது அவை ஊரைக் கூட்டின. சாமி படத்தை மாமியார் யாரிடமும் கொடுக்காமல் தானே ஏணியில் ஏறி வைத்தார். காய்ந்த வைக்கோலாகப் பார்த்து இரண்டு கட்டு மேலே ஏற்றினேன். ஈரத்தில் இரும்பு துருப்பிடித்துவிடுமே என்று அரிவாள், மண்வெட்டி, அரிவாள்மனை எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, பரணின் கடைசி மூலைக்குத் தள்ளினேன். எவ்வளவு கெட்டிக்காரி பாருங்கள்.

பிறகு தொழுவத்துக்குப் போனோம். தரையில் செங்கல் துண்டுகளைப் பரப்பி, மேலே பலகை போட்டு, மாடுகள் நிற்கும் இடத்தை ஒரு சாண் உயர்த்தினோம். அப்போதுதான் மயிலையின் கழுத்துக் கயிற்றைப் பார்த்தேன். பதினொரு மாதம் உழைத்த கயிறு. இரண்டு இடத்தில் பிரி விட்டு நூலாகத் தொங்கியது. இடி இடித்தால் மிரண்டு ஒரு இழுப்பு இழுத்தால் போதும், அறுந்துபோகும். அறுத்துக்கொண்டு வயிற்றுச் சுமையோடு இருட்டில் ஆற்றுப் பக்கம் ஓடினால்? பொங்கலுக்கென்று வீட்டுக்காரர் முன்கூட்டியே வாங்கி வைத்த புதுக்கயிறு இரண்டும் பரணில் இருந்தன. நான் போய் எடுத்து வந்தேன்.

மாமியார் என் கையைப் பார்த்தார்.

"எதுக்கு அது?"

"பழசு அந்துரும் அத்தை. ரெண்டுக்கும் மாத்திருவோம்."

"மார்கழியில மாட்டுக்குப் புதுக்கயிறு போடுவாங்களா? பொங்கலுக்குப் போட்டுக்கலாம். வை."

"பொங்கலுக்கு மாடு இருந்தாத்தானே அத்தை போடுறதுக்கு" என்று கேட்டேன். வாய் என்று ஒன்று எனக்கு இருக்கிறதே, அது எப்போதும் எனக்கு முன்னால் நடக்கும். இதை எழுதும்போதுகூட அந்தச் சொல் என்னைச் சுடுகிறது.

அவர், "உன் மாடு, உன் இஷ்டம். என் மாட்டத் தொடாத" என்று சொல்லிவிட்டுக் காரியின் பக்கம் போய் நின்றுகொண்டார்.

நான் மயிலைக்கு மட்டும் கட்டினேன். கழுத்தில் ஒரு முடிச்சு, முளையில் ஒரு முடிச்சு. இரண்டும் என் பிறந்த வீட்டு முடிச்சு. தோட்டத்தில் அப்பா கட்டும் இரட்டைச் சுற்று அது. மாடு இழுக்க இழுக்க இறுகுமே தவிர நழுவாது. முளை என்று சொன்னேனே, அது வெறும் குச்சி இல்லை. தண்டவாளத்தில் கழித்துப் போட்ட கட்டை ஒன்றை வீட்டுக்காரர் தூக்கி வந்து, பாதிக்கு மேல் மண்ணில் புதைத்திருந்தார். கயிற்றைக் கட்டையின் அடியில், தரையை ஒட்டிக் கட்டினேன். மாடு படுக்க வசதியாக அப்படித்தான் கட்டுவது. கட்டி முடித்து ஒரு காலைக் கட்டையில் ஊன்றி, முழு பலத்தோடு இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. மயிலை என் தோளை நக்கியது. எனக்கு அன்றைக்கு முதல்தடவையாக நெஞ்சு லேசானது.

சாயங்காலம் ஆற்றோரக் கம்பத்துக் குடியிருப்பிலிருந்து ஒரு மலாய்க்காரப் பெரியவர், பாதையில் தேங்கிய தண்ணீரில் சம்பான் படகைத் தள்ளிக்கொண்டு வந்தார். எங்களிடம் பால் வாங்குகிறவர். வீடு வீடாக நின்று, "ஆயர் பெசார், ஆயர் பெசார்" என்று கத்தினார். பெரிய தண்ணீர் வருகிறதாம். தொழுவத்தை எட்டிப் பார்த்து, "லெம்பு லெப்பாஸ்" என்று கையை விரித்துக் காட்டினார். மாட்டை அவிழ்த்து விடு என்கிறார். அவர் தன் எருமைகளை மத்தியானமே அவிழ்த்து விட்டுவிட்டாராம். அவை மேட்டைத் தேடித் தாமாகப் போய்விடுமாம்.

மாமியாரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் ஆட்கள் மாட்டை அவிழ்த்து விடமாட்டார்கள். கட்டில்லாத மாடு அடுத்தவன் தோட்டத்தில் மேயும், சர்க்கார் ஆள் பிடித்துப் பவுண்டுப் பட்டியில் அடைப்பான், போனது வீடு திரும்பாது. அதுவும் நிறைசினை மாட்டை இந்த மழையிலா? "எருமையும் பசுவும் ஒண்ணா" என்று மாமியார் முணுமுணுத்தார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். எல்லாவற்றிலும் மாறுபடுகிற நாங்கள் அதில் மட்டும் ஒத்துப்போனோம்.

இருட்டுகிற வரைக்கும் தண்ணீர் வாசப்படிக்கு வரவில்லை. மழையும் கொஞ்சம் தணிந்தது போல இருந்தது. அசதியில் இருவரும் படுத்துவிட்டோம்.

விடிந்தும் விடியாத நேரத்தில் காரி கத்தியதில் விழித்தேன். காலைக் கீழே வைத்தால் முழங்காலுக்குத் தண்ணீர். எங்கள் வீடு தொழுவத்தைவிட ஒரு முழம் உயரம். நான் என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. தொழுவத்துக்குள் நுழைந்தபோது தண்ணீர் என் இடுப்புக்கு மேல் இருந்தது. மயிலை தலையை உயர்த்த முடியாமல் திமிறிக்கொண்டிருந்தது. கயிறு கட்டையின் அடியில் அல்லவா இருக்கிறது? தண்ணீர் ஏற ஏற, கயிறு அதன் கழுத்தைக் கீழே பிடித்து இழுத்தது.

முதலில் மூழ்கிக் கட்டையின் முடிச்சைத் தேடினேன். கிடைத்தது. நனைந்த புதுக்கயிறு ஊறி இரும்பாகியிருந்தது. மாடு இரவெல்லாம் இழுத்து இறுக்கியும் வைத்திருந்தது. நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். எழுந்து மூச்சு வாங்கிக் கழுத்து முடிச்சைப் பிடித்தேன். பல்லால் கடித்தேன். அது என் அப்பாவின் முடிச்சு. நழுவவில்லை.

"அத்தை, அருவா! அருவா!" என்று கத்தினேன்.

"எங்கடி வச்ச?"

"பரண்ல! சாக்குக்குள்ள!"

மாமியார் பரணில் ஏறித் துழாவும் சத்தம் கேட்டது. நான் கடைசி மூலைக்குத் தள்ளிய சாக்கு. அதன் வாயையும் நான்தான் கட்டியிருந்தேன். அதுவும் அதே முடிச்சு. அவர் அதை அவிழ்க்க முடியாமல் சாக்கைக் கிழிக்கப் பார்த்தார், பிறகு சாக்கோடு தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கித் தொழுவத்துக்கு வந்தார். அந்த நேரம் காரி முன்னங்காலைத் தூக்கி ஒரு எம்பு எம்பியது. பதினொரு மாதப் பழங்கயிறு பட்டென்று அறுந்தது. அது எங்கள் இருவரையும் இடித்துத் தள்ளிவிட்டு நீந்தி வெளியே போய்விட்டது. இடித்ததில் சாக்கு மாமியார் கையைவிட்டுத் தண்ணீருக்குள் போனது.

நான் இன்னும் மயிலையின் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதன் மூக்கு மட்டும் வெளியே இருந்தது. மாமியார் என் கொண்டையைப் பிடித்து இழுத்தார். நான் திமிறினேன், அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். அவர் விடவில்லை. மலாய்க்காரப் பெரியவர் சம்பானோடு திரும்ப வந்து எங்கள் இருவரையும் மேலே இழுத்துப் போட்டார். மயிலையின் குரல் எப்போது நின்றது என்று மழைச் சத்தத்தில் எனக்குத் தெரியாது. இப்படித்தான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அது பொய். எனக்குத் தெரியும். சம்பானில் ஏறுவதற்கு முன்பே நின்றுவிட்டது.

லைன் மேட்டில் எங்களைப் போல ஐம்பது அறுபது பேர் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தார்கள். மலாய்க்காரரின் எருமைகளும் அங்கேதான் நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தன. இரண்டாம் நாள் யாரோ காரியை ஓட்டிக்கொண்டு வந்து விட்டார்கள். கழுத்தில் முழ நீளத்துக்கு அறுந்த கயிறு ஆடியது. மாமியார் ஓடிப்போய் அதைக் கட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் செய்த முதல் காரியம், அந்த அறுந்த கயிற்றைக் கழற்றி மடியில் சுருட்டி வைத்துக்கொண்டதுதான். நான் பார்த்துவிடக் கூடாதாம். நான் பார்த்துவிட்டேன்.

மூன்றாம் நாள் வீட்டுக்காரர் லைன் வழியாகவே நடந்து வந்து சேர்ந்தார். அதற்குள் தண்ணீர் வடிந்திருந்தது. மூவரும் இறங்கிப் போனோம். தொழுவத்துக் கூரை போயிருந்தது. கட்டை அசையாமல் நின்றது. கயிறும் அப்படியே இருந்தது. மயிலை கட்டையை ஒட்டிச் சேற்றில் கிடந்தது, வயிறு உப்பி. நான் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்காரர் குனிந்து கயிற்றைத் தொட்டார். "புதுக்கயிறு யாரு போட்டது?" என்று கேட்டார். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை.

ஊரையே வாயால் அளக்கிறவளுக்கு அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

"நான்தான்டா" என்றார் மாமியார். "பழசு அந்துரும்னு நான்தான் மாத்திக் கட்டினேன். உன் பொண்டாட்டி வேணாம்னுதான் சொல்லுச்சு. நான் கேக்கல."

வீட்டுக்காரர் முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்த பேனாக்கத்தியை எடுத்து அறுத்தார். அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் இன்னும் இரண்டு கேங் ஆட்களும் சேர்ந்து மயிலையைச் சூளை மேட்டில் புதைத்தார்கள். கன்றை வயிற்றிலிருந்து எடுக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். அப்படியே வைத்தார்கள்.

ஏன் எனக்காகப் பொய் சொன்னீர்கள் என்று நான் மாமியாரிடம் கேட்டிருக்க வேண்டும். காலைப் பிடித்து அழுதிருக்க வேண்டும். நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போடப் போட, அந்தப் பொய் எனக்குச் சௌகரியமாகப் பழகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரிகள் வந்து, "ஒங்க மாமியா பண்ணின வேலையாமே" என்று கேட்டபோது நான் இல்லையென்று சொல்லவில்லை. பெருமூச்சு விட்டேன். அந்தப் பெருமூச்சு எவ்வளவு பெரிய பாவம் என்று அப்போது தெரியவில்லை.

அந்த வெள்ளத்தில் நனைந்ததிலிருந்து மாமியாருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. சித்திரை மாதம் ஒருநாள், பால் பொங்கி அடுப்பில் வழிந்ததற்காக என்னைக் கத்தரித்தாற்போல ஏதோ சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் என்ன சொல்கிறோம் என்று யோசிக்கவில்லை.

"மாட்டைக் கட்டிப்போட்டுக் கொன்ன கை, எனக்குப் புத்தி சொல்ல வந்துருச்சா?" என்றேன்.

மாமியார் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. ஒரு புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். வீட்டுக்காரர் அப்போது வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதிச் சோற்றில் கையை உதறிவிட்டு எழுந்து போனார். சோற்றில் கல் அகப்பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த மழைக்கு முன்பே மாமியார் இறந்துவிட்டார். காரியை விற்றுவிட்டு மேட்டில் வேறு வீட்டுக்குப் போனோம். சில வருஷம் கழித்து வீட்டுக்காரர் ஒரு கிடேரி ஓட்டி வந்தார். அந்தப் பொங்கலுக்கு அதைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, புதுக்கயிற்றை எடுத்தார். நான் கையை நீட்டினேன்.

"குடுங்க, நான் கட்டுறேன்."

"வேணாம் புள்ள" என்றார். கயிற்றைக் கொடுக்கவில்லை. "நீ கட்டினா அவுக்க முடியாது."

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். "எப்பலேர்ந்து தெரியும்?" என்றேன்.

"அன்னைக்கே. அம்மா ஒத்தை மடிப்புதான் போடுவாங்க. ஒரு இழுப்புல வந்துரும். சின்னப் புள்ளையிலேர்ந்து பாத்த முடிச்சு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் என்னைய ஒண்ணும் கேக்கல?"

"அம்மாதான் நான்னு சொல்லிட்டாங்களே" என்றார். மாட்டின் கழுத்தில் ஒற்றை மடிப்பாகப் போட்டு, ஒருதடவை இழுத்து அவிழ்த்துப் பார்த்துவிட்டு, மறுபடி கட்டினார். "அவங்க சொன்னதுக்கு மேல நான் என்னத்தக் கேக்குறது?"

சித்திரை மாதம் அவர் கை உதறி எழுந்துபோனது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அன்றைக்குச் சோற்றில் கல் எதுவும் இல்லை.